மலைநாட்டு ஓவனில் மொறுமொறு உறைப்பு டோஃபு

டோஃபு பிடிக்காது என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் சாப்பிட்டிருப்பது தண்ணீர் இறக்காத டோஃபுவைத்தான். பாக்கெட்டை உடைத்து, துண்டு போட்டு, அப்படியே கறிக்குள் தள்ளினால் அது சப்பென்றுதான் இருக்கும், எவ்வளவு தூள் போட்டாலும் உள்ளே ஏறாது. அதே டோஃபுவின் தண்ணீரை இறக்கி, கொச்சிக்காய்த்தூளும் மிளகும் பிரட்டி, நல்ல சூடான ஓவனில் வைத்து எடுத்துப் பாருங்கள். மேலே மொறுக்கென்று கடிபடும், உள்ளே மெதுவாக இருக்கும், ஆறுவதற்குள் தட்டு காலியாகிவிடும்.

சோயா மீட் நம் வீடுகளுக்குப் புதிதில்லை. வெள்ளிக்கிழமை, கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாட்கள், கந்த சஷ்டி என்று மச்சம் சமைக்காத நாட்கள் நிறைய இருக்கிற வீடுகளில் அதுதான் எப்போதும் கைகொடுக்கிறது. டோஃபுவும் அதே சோயா அவரையில் இருந்து வருவதுதான், அதன் பாலைத் திரித்து அழுத்திய கட்டி. ஆனால் சோயா மீட்டுக்கு இருக்கிற பழக்கம் இதற்கு இன்னும் வரவில்லை, வாங்கினவர்களும் ஒரு தடவையோடு விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் சரியாகச் செய்தால் பிள்ளைகள் முதற்கொண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற சாப்பாடு இது.

வெளியூர்ச் செய்முறைகளில் எழுதியிருக்கிற நேரமும் அளவும் நமக்கு அப்படியே ஒத்துவராது. நுவரெலியா கடல்மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரம். ஹட்டன், பண்டாரவளை, தலவாக்கலை எல்லாமே கிட்டத்தட்ட 1,200 மீற்றர் அல்லது அதற்கு மேலே. மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டுப் போகிற இடத்தில் காற்றே ஈரம். டோஃபுவுக்கு உள்ளே இருக்கிற தண்ணீர் ஒரு பக்கம், வெளியே இருந்து வந்து ஒட்டுகிற ஈரம் இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் சமாளிக்கத் தெரிந்தால் மற்றதெல்லாம் சின்ன வேலை.

எதை வாங்குவது

டவுனில் உள்ள பெரிய சுப்பர் மார்க்கெட்டில், யோகட், சீஸ் வைக்கிற குளிர்ப்பெட்டிப் பக்கம் பாருங்கள். பாக்கெட்டில் 'ஃபர்ம்' அல்லது 'எக்ஸ்ட்ரா ஃபர்ம்' என்று இருக்க வேண்டும். 'சில்க்கன்' என்று இருந்தால் வைத்துவிடுங்கள். அது வட்டிலப்பம் போலக் குழைகிற வகை, சூப்புக்கு நல்லது, ஓவனுக்கு ஆகாது. எழுத்துப் புரியாவிட்டால் பாக்கெட்டை லேசாக அழுத்திப் பாருங்கள், விரல் பதிந்து திரும்பவும் மேலே வந்தால் சரியான வகை. திகதியையும் பாருங்கள். உறை உப்பியிருந்தால் எடுக்க வேண்டாம்.

நாலு பேருக்கு 400 கிராம் போதும். இதற்கு வேண்டியவை: கோன் ஃபிளவர் 2 மேசைக்கரண்டி, வறுக்காத அரிசி மா 1 மேசைக்கரண்டி, சோயா சோஸ் 1 மேசைக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, கொச்சிக்காய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, பெருஞ்சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி. கடைசியில் போட நாலைந்து பல் பூண்டு, இரண்டு கொத்து கறிவேப்பிலை, ஒன்றிரண்டாக இடித்த காய்ந்த கொச்சிக்காய் ஒரு தேக்கரண்டி, பாதி எலுமிச்சம்பழம். பிரட்டும்போது உப்புத் தனியாக வேண்டாம், சோயா சோஸிலேயே தாராளமாக இருக்கிறது. மாத்தளைப் பக்கத்து மிளகு கிடைத்தால் அதை அப்போதைக்கப்போது இடித்துப் போடுங்கள். கடையில் பொடித்து வைத்த மிளகுக்கும் இதற்கும் மணத்திலேயே வித்தியாசம் தெரியும்.

தண்ணீர் இறக்குவது

இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. முழு வேலையில் பாதி இதுதான்.

பாக்கெட்டில் உள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டு டோஃபுவை ஒரு விரல் தடிமனுக்குப் பலகை பலகையாக வெட்டுங்கள். முழுக் கட்டியாக வைத்து அழுத்தினால் நடுவில் உள்ள தண்ணீர் வெளியே வர வழியில்லை, அதனால் முதலில் பலகை, துண்டு போடுவது அப்புறம். ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கில் உப்பைப் போட்டு, இந்தப் பலகைகளை அதற்குள் விட்டு 10 நிமிடம் மெதுவாகக் கொதிக்க விடுங்கள். தண்ணீரை இறக்க வேண்டிய பொருளைத் தண்ணீருக்குள்ளேயே போடுவதா என்று தோன்றும். ஆனால் சூட்டில் டோஃபுவின் புரதம் இறுகி உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே தள்ளுகிறது, மேற்பரப்பும் சூடாக இருப்பதால் எடுத்து வைத்ததும் ஆவி பறந்து சீக்கிரமே உலர்கிறது, கூடவே கொஞ்சம் உப்பும் ஏறிவிடுகிறது. நம்முடைய குளிருக்கு இது மிகவும் உதவும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த டோஃபுவைக் குளிர்ந்த சமையலறையில் அப்படியே அழுத்தி வைத்தால் ஒரு மணித்தியாலம் போனாலும் ஈரமாகத்தான் இருக்கும்.

கொதித்த பலகைகளை வடிதட்டில் எடுத்து, ஐந்து நிமிடம் ஆவி போக விட்டு, ஒரு சுத்தமான பருத்தித் துணியில் வரிசையாக அடுக்கி, துணியின் மறுபாதியால் மூடி, மேலே ஒரு வெட்டுப்பலகை, அதற்கு மேலே பாரம். இரண்டு கிலோ அரிசிப் பை போதும். அம்மிக் குழவியை வைக்கிறவர்களும் உண்டு, ஆனால் அது உருண்டு ஒரு பக்கமாகப் பாரம் இறங்கி டோஃபு உடைந்துவிடும், அரிசிப் பை படிந்து உட்காரும். அரை மணித்தியாலம் விடுங்கள். மழை நாளாக இருந்தால் நடுவில் ஒரு தடவை துணியை மாற்றுங்கள், ஊறிப்போன துணி அதற்குமேல் எதையும் உறிஞ்சாது. துணி காயாத காலம் என்றால் தடித்த கிச்சன் பேப்பரைப் பாவியுங்கள்.

சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு பலகையைக் கையில் எடுத்து இரண்டு விரலால் மெதுவாக அழுத்துங்கள். விரலில் ஈரம் தெரியலாம், சொட்டு விழக்கூடாது. ஓரங்கள் கொஞ்சம் ரப்பர் மாதிரி இறுகி, தொட்டால் வழுக்காமல் இருக்கும். அதுதான் அடையாளம்.

நேரம் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழி சொல்கிறேன், எனக்குப் பிடித்ததும் இதுதான். முதல் நாள் இரவே டோஃபுவை ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். உறையும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் ஐஸாகி விரிந்து சின்னச் சின்னத் துளைகளை உண்டாக்கும், நிறமும் மஞ்சளாக மாறும். பயப்பட வேண்டாம், உருகியதும் வெள்ளை திரும்பிவிடும். உருகியபின் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிழிந்தால் தண்ணீர் சளசளவென்று கொட்டும், அந்தத் துளைகளுக்குள் மசாலா போய் உட்கார்ந்துகொள்ளும். கடிக்கும்போது கொஞ்சம் இறைச்சி மாதிரி நார் தெரியும். சோயா மீட் விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு இது கண்டிப்பாகப் பிடிக்கும். ஆனால் நம் இடத்தில் வெளியே வைத்து உருக அரை நாள் போய்விடும், வெந்நீரில் போட்டு உருக்கிக்கொள்ளுங்கள்.

பிரட்டும் ஒழுங்கு

அழுத்திய பலகைகளை ஓர் அங்குலத் துண்டுகளாக்குங்கள். கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்தால் இன்னும் நல்லது. பிய்த்த பக்கம் கரடுமுரடாக இருக்கும், அந்த மேடு பள்ளங்கள்தான் ஓவனில் முதலில் மொறுமொறுக்கும். விருந்தாளிக்கு அழகாக வைக்க வேண்டும் என்றால் வெட்டுங்கள், வீட்டுக்கு என்றால் பிய்த்துவிடுங்கள்.

அகலமான பாத்திரத்தில் துண்டுகளைப் போட்டு முதலில் சோயா சோஸ். அது முழுவதும் உறிஞ்சப்படும்வரை மெதுவாகக் குலுக்குங்கள், பாத்திரத்தின் அடியில் திரவம் நிற்கக்கூடாது. அடுத்து எண்ணெய். தேங்காய் எண்ணெய் பாவிக்கிறவர்கள் கவனியுங்கள். அது 24 பாகைக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும், நுவரெலியாக் காலையில் போத்தலுக்குள் வெள்ளையாகக் கட்டிபட்டு நிற்கும். உருக்கி ஊற்றினால்கூட டோஃபு ஜில்லென்று இருந்தால் துண்டின் மேலேயே திரும்ப உறைந்துவிடும், அப்புறம் மா ஒரு பக்கம் கட்டியாகவும் இன்னொரு பக்கம் வெறுமையாகவும் ஒட்டும். எண்ணெயையும் டோஃபுவையும் இளஞ்சூடாக வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை இல்லை. கொதிக்கவைத்து அழுத்திய டோஃபு என்றால் ஏற்கனவே கொஞ்சம் சூடு இருக்கும்.

எண்ணெய் எல்லா இடத்திலும் பட்டபிறகு கொச்சிக்காய்த்தூள், மஞ்சள், மிளகு, பெருஞ்சீரகம். கடைசியாக கோன் ஃபிளவரும் அரிசி மாவும். இந்த மாவை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று தடவையாகத் தூவித் தூவிக் குலுக்குங்கள். கோன் ஃபிளவர் மேலே மிச்சமிருக்கிற ஈரத்தை இழுத்து மெல்லிய தோலாகிறது, அரிசி மா அந்தத் தோலுக்கு உறுதி கொடுக்கிறது. கோன் ஃபிளவர் மட்டும் போட்டால் எடுத்ததும் நன்றாக இருக்கும், பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். ஈரக்காற்றில் அது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் அரிசி மாவை விட்டுவிட வேண்டாம். பிட்டுக்கு வறுத்து வைத்த மா இதற்குச் சரிவராது, நிறமும் ருசியும் மாறும்.

வறுத்த கறித்தூளும் இந்த நேரத்தில் வேண்டாம். அது ஏற்கனவே வறுபட்டது, 200 பாகையில் இன்னும் அரை மணித்தியாலம் இருந்தால் கசந்துவிடும். பூண்டும் அப்படித்தான், முதலிலேயே போட்டால் டோஃபு சிவப்பதற்கு முன்னால் பூண்டு கரியாகிவிடும். சீனி சேர்ந்த எந்த சோஸும் இப்போது கிட்டவே வரக்கூடாது.

ஓவனில்

நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் மேசைமேல் வைக்கிற மின்சார ஓவன்தான். கறண்ட் விஷயத்தைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன். 1,500 வோட் ஓவன் 230 வோல்ட்டில் ஆறரை அம்பியர் இழுக்கும். பழைய லயன் வீடுகளிலும் குவாட்டர்ஸ்களிலும் இன்னும் சுவரில் இருக்கிற 5 அம்பியர் சின்ன வட்டப் பிளக்கில் அதைப் போடவே கூடாது, எக்ஸ்டென்ஷன் வயரில் கேத்தலோடு சேர்த்தும் போடக்கூடாது. 13 அல்லது 15 அம்பியர் பிளக்கில் தனியாகப் போடுங்கள். பில்லைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு: அந்த ஓவன் ஒரு மணித்தியாலம் விடாமல் எரிந்தால்கூட ஒன்றரை யூனிட்தான், சூடு ஏறியதும் அது அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் போகும்.

மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 200 பாகை செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்குங்கள். காற்றாடி உள்ள ஓவன் என்றால் 180 போதும். குளிர் காலையில் 10 நிமிடம் காணாது, 15 முதல் 20 நிமிடம் கொடுங்கள். ட்ரேயையும் உள்ளேயே வைத்துச் சூடாக்குங்கள், சூடான ட்ரேயில் துண்டு விழும்போது சுர்ரென்று ஒரு சத்தம் வரும், அடிப்பக்கம் அந்த நிமிடத்திலேயே பிடிக்கத் தொடங்கும்.

ஓவனில் காட்டுகிற பாகையை நம்பலாமா என்று ஒரு சந்தேகம் இருக்கும். சீனியை வைத்துப் பார்த்துவிடலாம். சீனி கிட்டத்தட்ட 186 பாகையில் உருகும். அலுமினியத் தாளில் ஒரு தேக்கரண்டி சீனியை வைத்து, 200இல் சூடாகி நிற்கிற ஓவனுக்குள் 15 நிமிடம் விடுங்கள். உருகினால் சரி. அப்படியே மணல் மாதிரி இருந்தால் உங்கள் ஓவன் காட்டுவதைவிடக் குறைவாகச் சுடுகிறது, இனி 220இல் வையுங்கள்.

ட்ரேயில் விரிக்க கேக்குக்குப் போடுகிற ஒயில் பேப்பர் நல்லது. சாப்பாடு சுற்றுகிற லஞ்ச் ஷீட்டை மறந்தும் வைக்க வேண்டாம், அது பிளாஸ்டிக், உருகி எல்லாவற்றையும் நாசமாக்கிவிடும். துண்டுகளை ஒன்றோடொன்று தொடாமல், நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். நெருக்கி வைத்தால் ஒவ்வொரு துண்டில் இருந்தும் வருகிற ஆவி பக்கத்துத் துண்டை அவித்துவிடும். ஒரே ட்ரேயில் 400 கிராமும் கொள்ளாவிட்டால் இரண்டு தடவையாகப் போடுங்கள்.

15 நிமிடத்தில் கதவைத் திறந்தால் குப்பென்று ஆவி அடிக்கும். முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு அந்த ஆவி முழுவதும் போக விடுங்கள், வெளியேற வேண்டியது அதுதான். துண்டுகளைத் திருப்பிப் போட்டு, ட்ரேயையும் முன்பின்னாக மாற்றி வைத்து, இன்னும் 12 முதல் 18 நிமிடம். நேரத்தைவிட நிறத்தைப் பாருங்கள். ஓரங்கள் செங்கல் நிறத்துக்கு வர வேண்டும், கரண்டியால் தட்டினால் டக் டக்கென்று காய்ந்த சத்தம் கேட்க வேண்டும். வந்ததும் ஓவனை அணைத்துவிட்டு, கதவை ஒரு கரண்டிக் காம்பு கொடுத்துக் கொஞ்சம் திறந்து வைத்து, ஐந்து நிமிடம் உள்ளேயே விடுங்கள். மழைக்காலத்தில் இந்த ஐந்து நிமிடம் மிகவும் முக்கியம்.

ஏயர் ஃபிரையர் இருந்தால் 190 பாகையில் 15 நிமிடம், நடுவில் ஒரு குலுக்கு. ஓவனே இல்லாவிட்டால் தடித்த தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மூடாமல், மிதமான தீயில் பக்கம் பக்கமாகத் திருப்பிச் சிவக்க விடுங்கள். விறகடுப்பிலும் வரும், தணலில் வைத்துச் செய்யுங்கள்.

கடைசி உறைப்பு

டோஃபு ஓவனுக்குள் ஓய்வெடுக்கிற நேரத்தில் சின்னத் தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, பொடியாக அரிந்த பூண்டைப் போட்டு ஓரம் லேசாகச் சிவக்கத் தொடங்கியதும் கறிவேப்பிலையைப் போடுங்கள். படபடவென்று அடங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே இடித்த கொச்சிக்காயைப் போட்டு ஒரு பிரட்டு. எரிகிற அடுப்பில் போட்டால் கொச்சிக்காய் கருகும், வீட்டில் இருக்கிற எல்லாரும் இருமுவார்கள். இதை டோஃபுவின் மேலே கொட்டிக் கலந்து, சாப்பிட உட்காருகிற நேரத்தில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். முதலிலேயே பிழிந்து வைத்தால் மொறுமொறுப்புப் போய்விடும்.

விரத நாளில் பூண்டு சேர்க்காதவர்கள் அதே எண்ணெயில் ஒரு சிட்டிகை பெருங்காயமும் கால் தேக்கரண்டி சீரகமும் போடுங்கள், குறையே தெரியாது.

டெவல் மாதிரி வேண்டுமா? தாச்சியை நன்றாகக் காயவைத்து, பெரிய துண்டாக வெட்டிய வெங்காயம், கறிமிளகாய், நுவரெலியா லீக்ஸின் வெள்ளைப் பகுதி இவற்றைப் பெருந்தீயில் ஒரு நிமிடம் பிரட்டி, தக்காளி சோஸ் 2 மேசைக்கரண்டி, இடித்த கொச்சிக்காய் ஒரு தேக்கரண்டி, வினாகிரி அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை சீனி சேர்த்து, சோஸ் பளபளவென்று வந்ததும் டோஃபுவைப் போட்டு ஒரே பிரட்டில் இறக்கிவிடுங்கள். உடனே சாப்பிட வேண்டும்.

சோறு, பருப்பு, கோவா சுண்டல் பக்கத்தில் இது நன்றாக ஒட்டும். சுடச்சுட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இருந்தால் அதோடு இன்னும் நன்றாக இருக்கும். பின்னேரத் தேத்தண்ணியோடு சும்மா கொறிக்கவும் ஏற்றது. மிஞ்சினதை மூடி வைத்தால் இளகிவிடும், அடுத்த நாள் 180 பாகையில் எட்டு நிமிடம் வைத்தால் பெரும்பகுதி மொறுமொறுப்புத் திரும்பி வரும். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர்தான். சமைக்காத டோஃபு மீதி இருந்தால் தண்ணீரில் அமிழ்த்தி ஃபிரிட்ஜில் வைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். புளித்த வாசம் வந்தால் எறியத்தான் வேண்டும்.

கடையில் கிடைக்காவிட்டால்

தோட்டத்துப் பக்கம் இருந்து டோஃபுவுக்காக டவுனுக்கு பஸ் ஏறுவது எல்லாருக்கும் முடியாது. சோயா அவரை கிடைத்தால் வீட்டிலேயே செய்யலாம், கடினமில்லை. 250 கிராம் அவரையை இரவே ஊறப்போடுங்கள். கொழும்பில் எட்டு மணித்தியாலம் போதும் என்றால் இங்கே குளிருக்கு 12 மணித்தியாலம் வேண்டும். ஒன்றை இரண்டாகப் பிளந்தால் நடுவும் ஓரமும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஊறியது. இரண்டு லீற்றர் தண்ணீரைப் பங்கு பங்காக விட்டு அரைத்து, துணியில் வடித்துப் பிழிந்து, பெரிய பானையில் கொதிக்க வையுங்கள். சடாரென்று பொங்கும், பானை பாதிக்கு மேல் நிறையக்கூடாது. பச்சைச் சோயாப்பால் வயிற்றுக்கு ஆகாது, நன்றாக வேக வேண்டும். நுவரெலியாவில் தண்ணீர் கிட்டத்தட்ட 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் கொதி வந்தபிறகு 20 நிமிடமாவது அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள்.

இறக்கி ஐந்து நிமிடம் விட்டு, நாலு மேசைக்கரண்டி எலுமிச்சஞ்சாற்றை ஒரு கோப்பை தண்ணீரில் கலந்து மூன்று தடவையாக மெதுவாகச் சேருங்கள். வேகமாகக் கலக்க வேண்டாம். பால் திரிந்து, கட்டிகளுக்கு இடையில் தெளிந்த மஞ்சள் தண்ணீர் தெரிந்தால் போதும். இன்னும் பாலாகவே இருந்தால் இன்னொரு கரண்டி சாறு. துணி போட்ட வடிதட்டில் ஊற்றி, மூடி, மேலே இரண்டு கிலோ பாரம் வைத்து இரண்டு மணித்தியாலம். கிட்டத்தட்ட 350 கிராம் வரும். கடை டோஃபுவைவிடக் கொஞ்சம் மெதுவாக, லேசான புளிப்போடு இருக்கும், கொச்சிக்காய்க்கும் மிளகுக்கும் அந்தப் புளிப்பு நன்றாகவே சேரும். இதைக் கொதிநீரில் போட வேண்டாம், உடைந்துவிடும். அழுத்தின பாரத்தோடே இன்னும் ஒரு மணித்தியாலம் கூடுதலாக விட்டால் போதும்.

பிழிந்த சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை போட்டுப் பருப்பு வடை மாவோடு பாதிக்குப் பாதி கலந்தால் வடை நன்றாக வரும், கோதுமை மாவோடு பிசைந்து ரொட்டியும் தட்டலாம். அன்றைக்கே பாவித்துவிடுங்கள், அது டோஃபுவைவிடச் சீக்கிரம் புளித்துப்போகும்.